இரண்டு வைரவரும் ஒரு நாயும்

என் கணவர் மயூரதனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் கடவுளைப் பற்றி அவரளவுக்கு எழுதித் தள்ளியவர் எங்கள் கோப்பாயில் வேறு யாருமில்லை. காலையில் நல்லூரில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் பௌதிகவியல் படிப்பிப்பார். பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் ஏதும் சொல்லிவிடுவார்கள் என்று நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு போவார். பின்னேரம் வந்து முகத்தைக் கழுவிவிட்டு மேசையில் இருந்தால், இன்னும் பிறக்காத நூற்றாண்டுகளின் கடவுள்களைப் பற்றி எழுதத் தொடங்குவார். செவ்வாய்க் கிரகத்தில் காவடி எடுக்கிற சனம். அடையாள அட்டை இல்லாததால் மேலுலக வாசலில் மறிக்கப்பட்ட ஆத்மா. கோயிலுக்குப் போவதா சேர்ச்சுக்குப் போவதா, தான் சைவமா வேதமா என்று தெரியாமல் தவிக்கிற ரோபோ. இப்படி இரண்டு புத்தகம் வந்திருக்கிறது. இரண்டும் எங்கள் அலுமாரிக்கு மேலே பெட்டிகளில் பத்திரமாக இருக்கின்றன.

நான் தக்சாயினி. றஞ்சித் அண்ணையின் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறேன். கலியாணக் காட், மரண அறிவித்தல், கோயில் நோட்டீஸ் எல்லாம் என் கையால்தான் போகும். நான் சாமி கும்பிடுகிறவள், விரதம் பிடிக்கிறவள். எங்கள் வீட்டில் சாமிப் படத்துக்குப் பூ வைப்பது நான். படத்தில் இருக்கிறவர் உண்மையில் இருக்கிறாரா என்று யோசிப்பது அவர். வேலையைப் பிரித்துக்கொண்டுவிட்டதால் கடவுளை வைத்து எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. சண்டை வந்தது பெயரை வைத்துத்தான்.

அதைச் சொல்வதற்கு முதல் எங்கள் ஊர்க் காவல் தெய்வமான வைரவரைச் சொல்ல வேண்டும். என் அப்பாவும் மயூரதனின் ஆட்களும் கொன்றையடி என்ற ஒரே ஊர். வலிகாமம் வடக்கில் கடலுக்குக் கிட்ட. தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் ஊர் முழுக்க எழும்பி ஓடியபோது பூசாரியார் வைரவரின் சூலத்தைப் பிடுங்கிச் சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு வந்தார். கோப்பாயில் ஒரு தோட்டக் காணியின் மூலையில் தகரக் கொட்டில் போட்டு அதை நட்டார்கள். அடுத்த கிழமை போய்விடலாம் என்று போட்ட கொட்டில் அது. அந்தக் கொட்டிலுக்கு முன்னால்தான் எனக்குப் பெயர் வைத்தார்கள், காது குத்தினார்கள், பிறகு தாலியும் கட்டினார்கள்.

சில வருடங்களுக்கு முதல், ஊரைப் பிடித்து வைத்திருந்த ஆமி காணியை விட்டது. ஊரில் பாதிப்பேர் திரும்பிப் போனார்கள். முதல் ஆளாகப் போனவர் என் அப்பா கனகரத்தினம். மற்றப் பாதிக்குக் கோப்பாயில் வீடு, கிணறு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று வேர் பிடித்துவிட்டது, அவர்கள் அசையவில்லை. அந்தப் பகுதிக்குத் தலைவர் மயூரதனின் பெரியப்பா பரமலிங்கம். சூலம் ஒன்று, பரிபாலன சபை இரண்டு. சூலத்தை ஊருக்குத் தாங்கோ என்று அப்பாவின் ஆட்கள் கேட்டார்கள். வைரவர் எங்களோடைதான் வந்தவர், நீங்கள் அங்கே புதிதாக ஒன்றை வையுங்கோ என்று பெரியப்பாவின் ஆட்கள் சொன்னார்கள். அப்பாவும் பெரியப்பாவும் கதைப்பதை விட்டார்கள். செத்தவீடுகளில் மாத்திரம் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டுவார்கள்.

இதையெல்லாம் கண்ட மயூரதன் ஒரு கதை எழுதினார். பெயர் 'இரண்டு வைரவர்'. கி.பி. 2090இல் ஒரு ஊர்ச் சனம் இடம்பெயர்கிறது. கடவுளின் சக்தியை நகல் எடுக்கிற இயந்திரம் ஒன்று அவர்களிடம் இருக்கிறது. அதனால் ஒரு வைரவர் ஊரில் நிற்கிறார், ஒரு வைரவர் சனத்தோடு போகிறார். நூறு வருடம் கழித்து இருவரும் சந்திக்கிறார்கள். நான்தான் மூலம், நீ நகல் என்று இருவரும் சொல்கிறார்கள். கடைசியில் ஊரில் நின்ற வைரவர், விளக்கு வைக்க ஆளில்லாமல் மெல்ல மெல்ல மங்கிச் செத்துப்போகிறார். கடவுளும் ஞாபகம்தான், ஞாபகம் வைத்திருக்க ஆளில்லாவிட்டால் அவரும் இல்லை என்பது மயூரதனின் கருத்து. ஒரு சஞ்சிகை அதைப் போட்டது. வாசித்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி நான், ஒருவர் அவர்.

இதை நான் கீறித் தாறன் என்றேன். கொமிக்ஸ் ஆக்கினால் சனம் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். மூன்று மாதம், வேலை முடிந்து வந்து, சமைத்து வைத்துவிட்டு, கணினிக்கு முன்னால் இருந்து வரைந்தேன். வைரவரின் மீசைக்கே ஒரு கிழமை போனது. கடைசிப் பக்கம் வந்தபோது கை ஓடவில்லை. வைரவர் சாகிறதை என்னால் கீற முடியவில்லை. எனக்குக் காது குத்தும்போது பார்த்துக்கொண்டு நின்றவர் அவர். நான் எப்படி அவரைக் கொல்வது? முடிவை மாற்றினேன். ஊரில் நின்ற வைரவர் சாகவில்லை. புதர்ப் பற்றைக்குள் தன் வாகனமான நாயோடு கண் விழித்தபடி இருக்கிறார். சனத்தோடு போய் வந்த வைரவர் அவரைக் கண்டு கும்பிட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிறார். கடைசிப் படத்தில் நாய் வாலாட்டுகிறது.

மயூரதன் கடைசிப் பக்கத்தைப் பார்க்காமலே முகநூலில் போட்டுவிட்டார். அது ரொறன்ரோ, லண்டன், பரிஸ் எல்லாம் சுற்றி வந்து வாட்ஸ்அப் குழுக்களில் நின்றது. சனம் அழுது எழுதியது, எல்லாம் அந்த நாய்க்காகத்தான். மூன்றாம் நாள்தான் அவர் முடிவைப் பார்த்தார்.

"இதென்ன, முடிவை மாத்திப் போட்டீர்?"

"ஓம். பிடிக்கேல்லையோ?"

அவர் போனைப் பார்த்தார். யாரோ ஒருவர் அவரை 'ஈழத்தின் தீர்க்கதரிசி' என்று எழுதியிருந்தார்.

"பரவாயில்லை, அதுக்கும் ஒரு அர்த்தம் இருக்குத்தானே," என்றார்.

கொழும்பில் ஒரு பதிப்பகம் அதைப் புத்தகமாகப் போடக் கேட்டது. அட்டையை நான் வடிவமைத்தேன். மேலே 'மயூரதன்' என்று கொட்டை எழுத்து. என் பெயரையும் அதே அளவில் பக்கத்தில் போட்டுக் காட்டினேன். அவர் கன்னத்தைச் சொறிந்தார்.

"கதை என்ரைதானே தக்சா. ஓவியம் கீறின ஆளின்ரை பேர் உள்ளுக்குப் போடுறதுதான் வழமை."

"எங்கை உள்ளுக்கு?"

"அச்சிட்ட ஆக்களின்ரை விலாசம் போடுற இடத்திலை."

நான் அன்றோடு வீட்டில் வரைவதை நிறுத்தினேன். அட்டை அப்படியே கணினியில் கிடந்தது. அடுத்த கொமிக்ஸ், அந்தச் சைவ வேத ரோபோ, பாதிப் பக்கத்தில் நின்றது. கோயில் படியில் வைப்பதற்காக ஒரு காலைத் தூக்கியபடி அது நின்றது. ஒரு வருடமாக அது அந்தக் காலைக் கீழே வைக்கவில்லை. மயூரதன் இடைக்கிடை வந்து எட்டிப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், போவார். பெயரைப் பற்றி மாத்திரம் கதைக்க மாட்டார்.

இதற்கிடையில் கதையும் கொமிக்ஸும் இரண்டு சபைகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. பெரியப்பா சஞ்சிகையில் வந்த கதையைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டார். "ஊரிலை நிண்டவர் செத்துப்போனார் எண்டு கிடக்கு. எங்களோடை வந்தவர்தான் இருக்கிறார்," என்றார். அப்பா கொமிக்ஸின் கடைசிப் பக்கத்தைப் பெரிதாக்கி லமினேற் செய்து வைத்துக்கொண்டார். லமினேற் செய்து கொடுத்தது நான்தான், எதற்கென்று தெரியாமல். "நாய்க்குத் தெரியாதோ உண்மையான ஆள் ஆரெண்டு?" என்பது அப்பாவின் வாதம். மயூரதன் கொஞ்சம் சந்தோசப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். கடைசியாக அவரை வாசிக்கிற சனம் கிடைத்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்த கையோடு, கோப்பாய்க் கொட்டிலில் இரண்டு பகுதியும் கூடின. எழுதினவரையே கூப்பிட்டுக் கேட்பது என்று முடிவு. மயூரதன் மூலம், நகல், அடையாளம் என்று ஒரு விரிவுரையே தயாரித்து வந்திருந்தார். திருநீறும் பூசியிருந்தார். கொட்டிலுக்குள் பாய் விரித்து, ஆண்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். நடுவில் சூலம், அன்றைக்குச் சாத்திய செவ்வரத்தம் பூவோடு.

"முதலிலை ஒண்டு சொல்லவேணும். இது முழுக்கக் கற்பனை," என்று தொடங்கினார்.

"தெரியும் தம்பி," என்றார் அப்பா. "கற்பனை எண்டு நினைச்சுத்தான் நீங்கள் எழுதியிருக்கிறியள். எழுத வைச்சது ஆர்?"

இரண்டு பகுதியும் தலையாட்டியது. பல வருடத்தில் அவர்கள் ஒற்றுமையாகத் தலையாட்டியது அந்த ஒரு விசயத்துக்குத்தான். மயூரதனின் விரிவுரை அந்த இடத்திலேயே முடிந்தது.

"இஞ்சை பார் மயூரதன்," என்றார் பெரியப்பா. "கதையிலை ஒரு முடிவு கிடக்கு, படத்திலை இன்னொரு முடிவு கிடக்கு. இரண்டிலையும் உன்ரை பேர்தான். எது சரியெண்டு நீ ஒரு சொல்லுச் சொல்லு. இரண்டு பகுதியும் கட்டுப்படுறம்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கதைதான் சரியென்றால் என் அப்பா இனி எங்கள் வீட்டுப் படி மிதிக்கமாட்டார். படம்தான் சரியென்றால் பெரியப்பா. அவர் பெரியப்பாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு பெண்கள் பக்கம் இருந்த என்னைப் பார்த்தார்.

"படத்திலை இருக்கிற முடிவு என்ரை இல்லை," என்றார். "அது தக்சாயினி மாத்தினது. அந்தக் கொமிக்ஸ் முழுக்க அவவின்ரைதான் எண்டும் சொல்லலாம்."

ஒரு வருடமாக நான் கேட்ட பெயர். அட்டையில் பாதி கேட்டேன். ஊர் கூடி நிற்க முழுவதையும் தந்தார், அடி விழப்போகிற நேரம் பார்த்து. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சூலத்தைப் பிடுங்கியிருப்பேன். இதையும் மறைக்காமல் சொல்கிறேன்: கோபத்துக்கு அடியில் ஒரு சந்தோசமும் இருந்தது. அவ்வளவு சனமும் திரும்பி என்னைப் பார்த்தது.

"பிள்ளை, நீயோ மாத்தினது?" என்றார் அப்பா. அவர் குரலில் பெருமை தெரிந்தது.

நான் எழும்பினேன். "வைரவர் சாகிறதைக் கீறச் சொன்னார் அப்பா. எனக்குக் கை வரேல்லை. அவ்வளவுதான்."

"அப்ப அந்த நாய்?"

"பக்கத்திலை இடம் மிஞ்சிக் கிடந்தது."

பெண்கள் பக்கம் சிரிப்புக் கிளம்பியது. ஆண்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. அப்பா மடியில் வைத்திருந்த லமினேற் நாயைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த நேரம், அன்றைய பூசை செய்த ஐயர் எழும்பினார். அவருக்கு அடுத்த கோயிலுக்கு நேரம் போய்விட்டது, மோட்டார் சைக்கிள் திறப்பு ஏற்கெனவே கையில்.

"இஞ்சை கும்பம் வைச்சு மந்திரம் உருவேத்தி, அங்கை கொண்டுபோய்ப் புதுச் சூலத்துக்கு அபிசேகம் செய்தால் முடிஞ்சுது. அங்கையும் வைரவர், இஞ்சையும் வைரவர். இதுக்கேன் கதைப் புத்தகம்?"

அப்படியே தீர்ந்தது. நாங்கள் வென்றோம் என்று அப்பாவின் ஆட்கள் போனார்கள். சூலத்தைக் கொடுக்கவில்லை, நாங்கள்தான் வென்றோம் என்று பெரியப்பாவின் ஆட்கள் கொட்டிலைக் கூட்டினார்கள். தோற்றது என்று பார்த்தால் வீட்டுக்கு வரும் வழி முழுக்க என்னோடு கதைக்கத் துணிவில்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்தவர்தான்.

"கோவமோ?" என்றார், கேற்றடியில் வைத்து.

"இல்லை. ஊரறியச் சொன்னனீங்கள்தானே. இனி அட்டையிலையும் போடுங்கோ."

"அது பாப்பம்," என்றார்.

ஊரில் கோயில் கட்டி, கும்பாபிசேகத்துக்கு நாள் வைத்தார்கள். கும்பாபிசேக மலர் அச்சடிக்க எங்கள் அச்சகத்துக்கே வந்தது. அப்பா கொண்டுவந்த உறையில் மயூரதனின் கதை 'தல வரலாறு' என்ற தலைப்போடு இருந்தது. 'கி.பி. 2090' என்பது 'பன்னெடுங்காலத்துக்கு முன்னர்' ஆகியிருந்தது. இயந்திரத்தை எடுத்துவிட்டு ஒரு முனிவரைப் போட்டிருந்தார்கள். கடைசியில் வைரவர் சாகவில்லை. பின்னுக்கு என் கொமிக்ஸ், முழுதாக.

"அப்பா, கதை எழுதின ஆளின்ரை பேர்?"

"சாமியின்ரை வரலாறு பிள்ளை. அதுக்குள்ளை மனிசற்றை பேர் எதுக்கு?"

"படம் கீறின ஆளின்ரை?"

"அதுக்கும் வேண்டாம். அகங்காரம் எண்டு சொல்லுவினம்."

மலரில் பாதிக்கு மேல் மனிசரின் பெயர்தான். மணி தந்தவர், மணிக்கூட்டுக்குப் பற்றரி தந்தவர், கழிவறைக்கு ஓடு பதித்தவர், அவருடைய மனைவி, மருமகள், கனடாவில் பிறந்த பேரப்பிள்ளைகள் எல்லோரும் படத்தோடு இருந்தார்கள். அத்தனை பேரையும் நானே ஒழுங்காக அடுக்கினேன். அன்றுதான் என் பெயரும் மயூரதனின் பெயரும் ஒரே அளவில் அச்சாகின, அதாவது இல்லாமலே.

அவருக்கு அது தாங்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். "தக்சா, நீர்தானே பக்கம் செய்யிறீர். என்ரை பேரை எங்கையாவது போட்டுவிடும்."

"போடலாம். உள்ளுக்குச் சின்னனா, அச்சகத்தின்ரை விலாசத்துக்குப் பக்கத்திலை. வழமை அதுதானே?"

அவர் சோற்றைப் பிசையத் தொடங்கினார். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் நான் போடவில்லை.

கும்பாபிசேகத்தன்று ஊருக்குப் போனோம். மேளம், ஒலிபெருக்கி, புதுச் சூலம் வெயிலில் மினுங்கியது. கோயிலுக்குப் பின்னால் வடைமாலைக்கு வடை கோர்க்கிற இடத்தில் ஆள் குறைவாக இருந்ததால் நானும் போய் இருந்தேன். எனக்கு முன்னால் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா. கடற்கரைப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்குக் கலியாணம் கட்டி வந்தவராம். அவர் கோர்க்க நான் நூலை இழுத்துப் பிடித்தேன். சுடச்சுட வடையைக் கொட்டி வைத்திருந்தது எங்கள் மலருக்கு மேல். என் வைரவரின் மீசை எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது. மயூரதன் தண்ணீர்ப் போத்தலோடு வந்து, அதைக் கண்டு, பக்கத்துத் தூணில் சாய்ந்து நின்றார்.

"உதிலை கதையைப் பிழையாப் போட்டிருக்கினம்," என்றார் அந்த அக்கா, வடைக்குக் கீழே கிடந்த மலரைக் காட்டி.

மயூரதன் நிமிர்ந்தார். "என்ன பிழை?"

"முடிவு பிழை. நான் சின்னனிலையே கேட்ட கதை இது."

"அக்கா, இது நான் மூண்டு வருசத்துக்கு முன்னம்..."

"தெரியாட்டிக் கேளுங்கோ தம்பி. இடையிலை கதைக்காதேங்கோ."

அக்கா கோர்ப்பதை நிறுத்தாமல் சொன்னார்.

"இரண்டு வைரவரும் நான்தான் உண்மையான ஆள், நான்தான் உண்மையான ஆள் எண்டு சண்டை பிடிச்சவை. நாய் இவரைப் பாத்துது, அவரைப் பாத்துது. வெறுத்துப்போய் எழும்பிப் போயிட்டுது. நாயில்லாமல் வைரவர் என்னெண்டு இருக்கிறது? இரண்டு பேரும் சண்டையை விட்டிட்டு நாயைத் தேடிப் போனவை. ஒராள் கிழக்காலை, மற்ற ஆள் மேற்காலை. இன்னும் வரேல்லை."

"அப்ப உள்ளை இருக்கிறது?" என்றார் மயூரதன்.

"உள்ளை சூலம்."

"வைரவர்?"

"அதுதானே சொல்லுறன், நாயைத் தேடிப் போயிட்டார்."

"கோப்பாயிலை?"

"அங்கை நிண்டவரும்தான்."

"ஒருத்தரும் இல்லாத கோயிலுக்கு ஏன் அக்கா வடைமாலை?"

அக்கா அப்போதுதான் தலையை நிமிர்த்தி இவரைப் பார்த்தார். இவ்வளவு படித்த ஆள் போல இருக்கிறாரே என்ற பார்வை.

"வரேக்கை பசியோடைதானே வருவினம்," என்றார். பிறகு என்னிடம், "நூலை இழுத்துப் பிடி பிள்ளை, தொங்குது," என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எண்ணெய்ப் புகை என்று துடைத்துக்கொண்டேன். மயூரதன் தூணை விட்டு அசையவில்லை. மாலை கோர்த்து முடிந்து, நாலு பேர் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்வரைக்கும் அங்கேயே நின்றார்.

மயூரதன் வீட்டுக்கு வந்து தலைக்கவசத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

"தக்சா, அந்த முடிவு என்ரையை விட நல்லம்."

வேறொருவர் எழுதியதைப் பற்றி அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"உம்மடையை விடவும்," என்றும் சொன்னார்.

"ஓம்," என்றேன். அதில் எனக்கும் சந்தேகமில்லை.

"அதையே கீறுவமோ? நாய் எழும்பிப் போறது, இரண்டு பேரும் பின்னாலை போறது, வெறுங்கோயிலிலை வடைமாலை தொங்குறது. பிறகு புத்தகத்துக்குக் குடுப்பம்."

அவர் எழும்பி வந்து கணினியைப் போட்டார். இரண்டு வருடமாகக் கிடந்த அட்டையைத் திறந்தார். தன் பெயரைத் தானே சிறிதாக்கி, என் பெயரைப் பெரிதாக்கி, இரண்டும் ஒரே அளவில் வரும்வரை எழுத்தோடு மல்லுக்கட்டினார். பழக்கமில்லாத வேலை, என் பெயர் கொஞ்சம் கோணலாக வந்தது. நான் திருத்தவில்லை. இரண்டு வருடம் காத்திருந்தது அதற்காகத்தான், பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்தது.

"சரியோ?" என்றார்.

"சரி. ஆனால் முடிவு எங்கடை இல்லையே. அவவின்ரை பேரையும் போடவேணும். இதே அளவிலை."

"ஓம், போடத்தான் வேணும்," என்றார். உடனே ஒத்துக்கொண்டார். இருவரின் பெயருக்கும் கீழே மூன்றாவதாக ஒரு வரிக்கு இடம் விட்டு, விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவவின்ரை பேர் என்ன?"

முழங்கால் முட்ட அந்த அக்காவுக்கு முன்னால் இருந்து வடைமாலை முழுவதுக்கும் நூல் பிடித்தவள் நான். நான் கேட்கவில்லை.